காலடியில் ஒரு ரோமானிய நகரம்: வெருலமியத்தில் கருவி பிடித்து நடந்த ஆண்டுகள்

லண்டனுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில், வேர் என்ற சிற்றாற்றின் மறுகரையில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிள்ளைகள் கால்பந்து ஆடுவார்கள்; முதியவர்கள் நாய்களை அழைத்துக்கொண்டு நடப்பார்கள். அந்தப் புல்லுக்கு அடியில், பல இடங்களில் ஒரு முழ ஆழத்துக்குள்ளேயே, ரோமானியர் காலத்து பிரிட்டனின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றான வெருலமியம் கிடக்கிறது. மண்வெட்டி எடுக்காமல், ஒரு பிடி மண்ணைக்கூடப் புரட்டாமல், அதன் தெருக்களையும் வீடுகளையும் கருவிகளைக் கொண்டு வரைபடமாக்கும் பணியில் தன்னார்வலராகச் சில ஆண்டுகள் உழைத்திருக்கிறேன். நான் தொல்லியல் படித்தவள் அல்லள். ஆனால், இப்பணியில் நடந்து நடந்தும் தவறு செய்து திருத்திக்கொண்டும் கற்றவை, இதே வேலையில் இறங்க நினைக்கும் தமிழர் எவருக்கேனும் பயன்படும் என்று நம்புகிறேன்.

இந்த ஊரில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில். பள்ளிக்கூடத்தில் எங்களை அரிக்கமேட்டுக்கு அழைத்துச் சென்றபோது, 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்து, இத்தாலியில் வனைந்த சிவப்புப் பளபளப்பு மட்கலங்களின் துண்டுகளைக் கொண்டு அந்த இடத்தின் காலத்தைக் கணித்தார் என்று ஆசிரியர் சொல்லித் தந்தார். திருமணத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்கு வந்து, பிள்ளைகளோடு வெருலமியம் அருங்காட்சியகத்துக்குப் போன நாளில்தான், அதே வீலர் தம் மனைவி டெஸ்ஸா வீலரோடு சேர்ந்து 1930க்கும் 1934க்கும் இடையில் இந்தப் பூங்காவைத் தோண்டியவர் என்று தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர்த் தென்னந்தோப்புக்கு வந்த கண், அதற்கு முன்பு பழகியது இந்த மண்ணில்தான் என்பது என்னை விட்டு நீங்காத எண்ணமாயிற்று.

ரோமானிய நகரங்களில் பெரும்பாலானவற்றின் மேல் இன்றைய நகரங்கள் ஏறி அமர்ந்திருக்கின்றன. லண்டனில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கடைக்கால் எடுக்கும்போது மட்டுமே பழைய நகரம் எட்டிப் பார்க்கும். வெருலமியம் அந்த விதிக்குத் தப்பியது. கி.பி. 60–61இல் ரோமானியரை எதிர்த்துக் கிளர்ந்த பூடிக்கா அரசியின் படை அதை எரித்தது. மீண்டும் எழுந்த நகரத்தின் பெரும்பகுதி 155ஐ ஒட்டி இன்னொரு தீயில் அழிந்தது. அதன் பிறகும் எழுந்து, கல்வீடுகளும் சுற்றுமதிலுமாக நின்றது. ரோமானிய ஆட்சி முடிந்த பின், புனித ஆல்பன் கொல்லப்பட்டதாக நம்பப்பட்ட எதிர்க்குன்றின் மேல் மடாலயம் எழுந்து, ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. பழைய நகரம் கல்லெடுக்கும் இடமாயிற்று. மடாலயக் கோயிலின் கோபுரத்தில் ரோமானியச் செங்கற்களை இன்றும் கண்ணால் காணலாம். இந்தக் கொள்ளைதான் எங்கள் வேலையின் பெரிய சிக்கல் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பல இடங்களில் சுவர் இல்லை. சுவரைப் பெயர்த்து எடுத்த பள்ளம் மட்டுமே இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் அறிய வேண்டிய முதல் செய்தி சட்டம் பற்றியது. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் ஒன்றில், தோண்டுவதற்கு மட்டுமன்றி, கருவியால் அளப்பதற்கும் அனுமதி வேண்டும். 1979ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தின் 42ஆம் பிரிவின்கீழ் அந்த உரிமத்தை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். நில உரிமையாளரின் இசைவு அதற்கு மேல் தனியாகத் தேவை. புல்லின் மேல் நடப்பதற்கு எதற்கு அனுமதி என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால், அந்த உரிமத்தின் நிபந்தனையாக அறிக்கை எழுதித் தர வேண்டியிருப்பதால்தான் அளவீடுகள் எவருடைய கணினியிலோ மறைந்து போகாமல் பொது ஆவணமாகின்றன. ஆகவே அந்தத் தாள்வேலையை ஒருபோதும் சுமையாகக் கருத வேண்டாம்.

அடுத்தது கட்டம் போடுவது. புதிதாக வருகிறவர்கள் கருவியைத் தொடத்தான் ஆசைப்படுகிறார்கள். கட்டம் போடுவதை எடுபிடி வேலையாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் நிலத்தை 40 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, மூலைகளில் மர முளைகளை அடித்து, இரு எதிர்ப்பக்கங்களில் அளவுநாடாவை விரித்து, அவற்றுக்கு இடையே கயிறு கட்டி நடப்போம். மூலை ஒரு டிகிரி பிசகினால் 40 மீட்டர் தொலைவில் 70 சென்டிமீட்டர் விலகிவிடும். அறுபது சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர் ஒன்று அடுத்த சதுரத்தில் தன் முழுத் தடிமனுக்கும் மேலாக நகர்ந்து நிற்கும். என் அப்பா கட்டட மேஸ்திரி. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, “மூலைமட்டம் பார்த்தியாம்மா? மூணு, நாலு, அஞ்சு போட்டுப் பார்” என்றார். அவர் வானம் தோண்டும் முன் நூல் பிடித்துப் பார்க்கும் அதே கணக்குதான் இங்கும். 40 மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் 56.57 மீட்டர் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவி கையில் இருந்த நாளிலும் இந்த மூலைவிட்டத்தை நாடாவால் அளந்து பார்க்காமல் நாங்கள் வேலையைத் தொடங்கியதில்லை. மண்ணின் காந்தத் தன்மையில் உள்ள வேறுபாட்டை அளக்கும் காந்தமானிதான் எங்கள் முதல் கருவி என்பதால், முளைகளில் இரும்பு ஆணி இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கிய முளைகளில் தலைப்பூண் இரும்பாக இருந்ததால் எங்கள் ஒரு நாள் உழைப்பு வீணாயிற்று.

கட்டத்தை எந்தத் திசையில் போடுவது என்பது இன்னும் முக்கியம். ரோமானிய நகரத்தின் தெருக்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் செல்வதால், நாம் நடக்கும் கோடும் தெருவின் கோடும் இணையாக அமைந்துவிட வாய்ப்பு அதிகம். காந்தமானியின் பதிவில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் அடிப்படை அளவு சற்றே மாறுவதால் படம் முழுவதும் வரிவரியாகத் தோன்றும். அதைப் போக்க, ஒவ்வொரு கோட்டின் சராசரியையும் சுழியாக்கும் வடிகட்டி ஒன்றைக் கணினியில் பயன்படுத்துவார்கள். நடைக்கோட்டுக்கு இணையாக ஓடும் பள்ளமோ சுவரோ இருந்தால், வடிகட்டி அதையும் கருவியின் பிழையாகவே கருதித் துடைத்துவிடும். ஒரு குளிர்காலத்தில் நாங்கள் பூங்காவின் வேலியை ஒட்டி வசதியாகக் கட்டம் போட்டோம். அந்தக் கட்டத்தில் தெருவோர வாய்க்கால் ஒன்று, நான் அதே மாலையில் வடிகட்டியை ஓட்டியவுடன், திரையிலிருந்து மறைந்துபோனது. மூலப் பதிவைத் தனியே வைத்திருந்ததால் தப்பித்தோம். அன்று முதல், தெரிந்த தெருக்களின் திசைக்குச் சாய்வாகக் கட்டம் போடுவதையும், வடிகட்டிய கோப்பை ஒருபோதும் மூலக் கோப்பின் மேல் சேமிக்காமல் இருப்பதையும் பழக்கமாக்கிக்கொண்டோம்.

காந்தமானி எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மண்ணில் உள்ள இரும்புச் சேர்மங்கள், தீ மூட்டுவதாலும் குப்பை மட்குவதாலும் காந்தத் தன்மை கூடிய வடிவங்களாக மாறுகின்றன. மனிதர் வாழ்ந்த இடத்தின் மேல்மண் இதனால் அடிமண்ணைவிடச் சற்றே வலுவான காந்தத் தன்மை பெறுகிறது. அந்த மேல்மண் சரிந்து நிரப்பிய பள்ளமும் குழியும் படத்தில் கருமையாக விழும். சுண்ணாம்புக்காரையும் சிக்கிமுக்கிக் கல்லும் கொண்ட சுவர், சுற்றியுள்ள மண்ணைவிட மந்தமாக இருப்பதால் வெளிறிய கோடாகத் தெரியும். சூளையும் அடுப்பும் வேறு வகை. களிமண் 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்துக்குச் சென்று ஆறும்போது, அந்த நேரத்துப் புவிக்காந்தப் புலத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்வதால், அது வலுவாகப் பேசும். 1958இல் பீட்டர்பரோவுக்கு அருகே, வாட்டர் நியூட்டன் என்ற இடத்தில், சாலை அகலப்படுத்தும் முன் மார்ட்டின் எய்ட்கன் புரோட்டான் காந்தமானியைக் கொண்டு அளந்து ரோமானிய மட்கலச் சூளை ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று நாங்கள் செய்வதெல்லாம் அந்த நடையின் தொடர்ச்சியே.

அளவு எவ்வளவு நுண்ணியது என்பதை எண்ணிப் பாருங்கள். தென் இங்கிலாந்தில் புவியின் காந்தப் புலம் சுமார் 49,000 நானோடெஸ்லா. நாங்கள் தேடும் சுவரின் வேறுபாடு பல நேரங்களில் ஒன்றிரண்டு நானோடெஸ்லாதான். கருவியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உணர்விகளைப் பொருத்தி, கீழ் அளவிலிருந்து மேல் அளவைக் கழிப்பதால், புவியின் பெரிய புலம் நீங்கி, காலடியில் உள்ள சிறிய வேறுபாடு மட்டும் எஞ்சுகிறது. ஆனால், அளப்பவரின் உடலில் உள்ள இரும்பை அந்தக் கழித்தல் நீக்காது.

முதல் நாள் என்னிடம் கையில் தூக்கி நடக்கும் கருவியைக் கொடுத்தார்கள். பெல்ட், சாவி, கைப்பேசி, கம்பி வைத்த உள்ளாடை, இரும்புக் கண்ணிகள் உள்ள காலணி ஆகியவற்றையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் தவிர்த்துத்தான் போனேன். ஆயினும் என் சதுரம் முழுவதும் ஒரு கோடு கருமையும் அடுத்த கோடு வெண்மையுமாக, வேட்டிக்கரை போல வரிகள் விழுந்தன. ஒரு திசையில் நடந்தால் ஒரு அளவும், திரும்பி நடந்தால் வேறு அளவும் வந்தன. தாலிச் சங்கிலியில் அம்மா பழக்கிவிட்டபடி எப்போதும் கோத்து வைத்திருக்கும் இரண்டு ஊக்குகள்தான் காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரமாயிற்று. தங்கம் கருவிக்குத் தெரியாது. எஃகு ஊக்கு தெரியும். ஆகவே என் பரிந்துரை இது. கருவியை ஒரு மரத்தாங்கியில் அசையாமல் நிறுத்தி, அளக்கப் போகிறவர் அதன் அருகே வந்து நான்கு திசைகளிலும் திரும்பி நிற்கட்டும். எண் அசைந்தால், அவர் உடலில் எங்கோ இரும்பு இருக்கிறது. என்னிடம் எதுவும் இல்லை என்று ஒருவர் சொல்வதை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பின்னர் நான்கு உணர்விகளை அரை மீட்டர் இடைவெளியில் பொருத்திய தள்ளுவண்டி வந்தது. ஒரு நடையில் இரண்டு மீட்டர் அகலம் அளக்கலாம் என்பதால், ஒரு ஹெக்டேருக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் போதும். மதிலுக்குள் இருக்கும் வெருலமியத்தின் பரப்பு சுமார் 80 ஹெக்டேர். அதாவது முழு நகரத்துக்கும் 400 கிலோமீட்டர். ஆனால் முழு நகரமும் நடைக்குக் கிடைப்பதில்லை. நகரமன்றக் கட்டடங்கள் நின்ற பொதுவெளி செயின்ட் மைக்கேல் தேவாலயத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கட்டடங்களுக்கும் அடியில் இருக்கிறது. ஒரு பெரிய சாலை நகரத்தைக் குறுக்கே வெட்டுகிறது. அதன் மேற்கே உள்ள நிலம் தனியார் பண்ணை; 1930களில் கேத்லீன் கென்யான் முழுமையாக அகழ்ந்து வெளிப்படுத்திய நாடக அரங்கு அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது.

பூங்காவுக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. கால்பந்துக் கம்பத்தைப் பொருத்தும் இரும்புக் குழாய், மண்ணில் புதைந்த தண்ணீர்க் குழாய், நிறுத்தியிருக்கும் வண்டி ஆகிய ஒவ்வொன்றும் பல மீட்டர் சுற்றளவுக்குப் படத்தைக் கறையாக்கும். மண்ணுக்குள் கிடக்கும் ஆணியோ பானத் தகரமோ ஒரு கரும்புள்ளியும் அதை ஒட்டிய வெண்புள்ளியுமாகத் தெரியும். புதைந்த இரும்புக் குழாய், கருமணியும் பவளமும் மாற்றி மாற்றிக் கோத்த மாலை போல நீளும். இவற்றைக் கற்றுக்கொண்ட பின்புதான் ரோமானியர் காலத்தைத் தேடத் தொடங்க வேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது நல்லது என்பதால், வீலர் அகழ்ந்து வரைபடம் வெளியிட்ட வீடு ஒன்று இருந்த பகுதியில்தான் எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அச்சில் உள்ள சுவர் நம் படத்தில் எப்படித் தோன்றுகிறது, எங்கே தோன்றாமல் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்த அந்த இரண்டு நாள்கள், எந்த வகுப்பையும்விட அதிகம் கற்பித்தன.

நான் செய்ததிலேயே பெரிய தவறு, ஒரே ஒரு சொல்லை எழுதியதுதான். பூங்காவின் தெற்குப் பக்கத்தில் இரண்டு சதுரங்களில் காந்தமானிப் படம் சாம்பல் நிறத்தில் சீராக இருந்தது; கருப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. அன்றைய குறிப்பேட்டில் “காலி” என்று எழுதினேன். அதை நம்பிய எங்கள் குழு, தோட்டமாகவோ திறந்தவெளியாகவோ இருந்திருக்க வேண்டும் என்று பேசத் தொடங்கி, அடுத்த பருவத்தின் திட்டத்திலிருந்து அந்த இடத்தை விட்டுவிட்டது. ஓராண்டுக்குப் பின், வேறொரு காரணத்துக்காக ரேடார் கருவி அதன் மேல் சென்றபோது, முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் அறைகள் கொண்ட ஒரு வீடு, மேஸ்திரி வரைந்த திட்டம் போலத் தெளிவாக எழுந்தது. காந்தமானி பொய் சொல்லவில்லை. அந்த வீட்டின் சுவர்ப்பொருளும் அதைச் சூழ்ந்த இடிபாட்டு மண்ணும் காந்தத் தன்மையில் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். கருவி அளப்பது சுவரை அன்று, சுவருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள வேற்றுமையை. அந்த வேற்றுமை இல்லாத இடத்தில் அரண்மனை இருந்தாலும் அது பேசாது. இப்போது நான் “இந்தக் கருவிக்கு, இந்த ஈரப்பதத்தில், வேறுபாடு தெரியவில்லை” என்று முழு வாக்கியமாக எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று சிலர் குறைப்படுவதுண்டு. அந்த நீளம் தேவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ரேடார் வேறு விதமாகப் பார்க்கிறது. அது மண்ணுக்குள் மின்காந்த அலையை அனுப்பி, தடை எதிர்ப்பட்ட இடத்தில் திரும்பும் எதிரொலியை நானோநொடிகளில் அளக்கிறது. கோட்டுக்குக் கோடு அரை மீட்டர் இடைவெளி விட்டு ஒற்றை ஆண்டெனாவைத் தள்ளினால் ஒரு ஹெக்டேருக்கு 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். காந்தமானி வண்டியைப் போல நான்கு மடங்கு. ஆழம் என்று திரையில் தெரிவது உண்மையில் நேரம். அதை ஆழமாக மாற்ற, அலை மண்ணில் எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்று தெரிய வேண்டும். நானோநொடிக்கு எட்டு சென்டிமீட்டர் வேகமென்றால், 20 நானோநொடியில் திரும்பிய எதிரொலி 80 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. மழை பெய்து ஊறிய மண்ணில் வேகம் ஆறு சென்டிமீட்டராகக் குறைந்தால், அதே எதிரொலிக்கு ஆழம் 60 சென்டிமீட்டர்தான். ஒரு கல்லின் மேல் கருவி கடந்து செல்லும்போது விழும் வளைவின் விரிவைக் கொண்டு இந்த வேகத்தைக் கணிக்கலாம். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணிக்க வேண்டும். சென்ற மாத எண்ணை எடுத்துப் போடக் கூடாது. களிமண் மிகுந்த ஈர நிலத்தில் அலை சிறிது ஆழத்திலேயே அடங்கிவிடும் என்பதால், அங்கே ரேடாரை நம்பிப் பயனில்லை.

தொலைவை அளக்கும் சக்கரத்தையும் அதே போல் ஒவ்வொரு நாளும் சரிபார்க்க வேண்டும். தார்ச்சாலையில் சரிபார்த்த சக்கரத்தை நீண்ட ஈரப்புல்லில் ஓட்டியபோது அது வழுக்கியது. பிழை நூற்றுக்கு இரண்டுதான்; ஆனால் 40 மீட்டரில் அது 80 சென்டிமீட்டர். போகும் கோடும் வரும் கோடும் எதிரெதிராகப் பிசகியதால், நேரான சுவர் ரம்பத்தின் பற்களாகத் தெரிந்தது. அளக்கப் போகும் அதே புல்லில், 20 மீட்டர் நாடா விரித்துச் சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடங்கள்தான் ஆகின்றன.

ரேடார் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இத்தாலியின் ஃபலேரி நோவி சான்று. கி.மு. 241இல் நிறுவப்பட்டு, மத்திய காலத் தொடக்கத்தில் கைவிடப்பட்ட அந்த நகரத்தின் மதிலுக்குள் இருக்கும் 30.5 ஹெக்டேரையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தையும் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பல ஆண்டெனாக்களைக் கோத்து நான்குசக்கர வண்டியால் இழுத்து அளந்தார்கள். 2020இல் வெளியான முடிவில் 7 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. குளியல் மண்டபம், அங்காடி, கோயில், வடக்கு வாயிலருகே இதுவரை அறியப்படாத ஒரு பெரிய பொதுக் கட்டடம், வீட்டுத் தொகுதிகளின் அடியில் ஓடிய தண்ணீர்க் குழாய்கள் ஆகியவை ஒரே படத்தில் வந்தன. நாங்கள் கையால் தள்ளிய அரை மீட்டர் இடைவெளிக் கோடுகளில் தூண் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளக்கூடும். அவர்களுடைய நெருக்கமான கோடுகளில் தூண்வரிசையே எண்ணக்கூடியதாக இருந்தது. வசதி குறைந்த குழுக்களுக்கு நான் சொல்வது, முழு நகரத்தையும் அகன்ற கோடுகளில் அளப்பதைவிட, காந்தமானி காட்டிய முக்கியமான இடங்களை மட்டும் நெருங்கிய கோடுகளில் அளப்பது மேல் என்பதே.

மண்ணில் மின்னோட்டம் செலுத்தி மின்தடையை அளக்கும் முறையும் உண்டு. சுவர் மின்தடையைக் கூட்டும், ஈரமான பள்ளம் குறைக்கும். மண்ணில் குத்திக் குத்தி நகர்த்தும் முனைகளுக்கு இடையே அரை மீட்டர் என்றால், ஓரிடத்திலேயே ஊன்றி வைக்கும் முனைகள் 15 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பதை மறவாதிருந்தால், அது எளிய கருவிதான். வறண்ட ஆகஸ்டிலும் வெள்ளம் தேங்கிய பிப்ரவரியிலும் அதைத் தூக்கிக்கொண்டு போவது வீண்.

கருவியே இல்லாமல் நகரம் தன்னைக் காட்டிய நாளும் ஒன்று வந்தது. 2018 கோடையில் பல வாரங்கள் மழையில்லை. பூங்காவின் புல் பழுக்கத் தொடங்கியபோது, சுவருக்கு மேல் மண் மெலிந்திருந்த இடங்களில் அது முதலில் வெளுத்தது. மாலை வெயிலில் நின்று பார்த்தபோது, நாங்கள் குளிர்காலமெல்லாம் நடந்து வரைந்த தெருவொன்றின் ஓரம் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. வெனிஸுக்கு அருகேயுள்ள ஆல்ட்டினம் என்ற நகரத்தின் முழு அமைப்பும் இப்படித்தான் 2007 ஜூலை வறட்சியில், மக்காச்சோள வயல்களையும் சோயா வயல்களையும் வானிலிருந்து எடுத்த படங்களில் வெளிப்பட்டது. பயிர் வாடிய இடத்தில் சுவரும், செழித்த இடத்தில் கால்வாயும் இருந்தன. 1928இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள வென்ட்டா ஐசனோரம் என்ற ரோமானிய நகரத்தின் தெருக்கட்டத்தைக் காட்டியதும் வானிலிருந்து எடுத்த ஒரு படமே. இந்தத் தடங்கள் ஒரு மழைக்குக் கரைந்துவிடும். எந்தக் கருவியும் கையில் இல்லையென்றாலும், கைப்பேசியில் படமெடுத்து, நின்ற இடத்தையும் நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

இவை அனைத்தும் சேர்ந்தும் சொல்ல முடியாத ஒன்று காலம். படத்தில் முதல் நூற்றாண்டுப் பள்ளமும் நான்காம் நூற்றாண்டு வீடும் இடைக்காலத்தில் கல் பெயர்த்த குழியும் இருபதாம் நூற்றாண்டு அகழ்வுக்குழியும் ஒரே தாளில் கிடக்கின்றன. ரேடாரின் ஆழ அடுக்குகளைக் கால அடுக்குகளாக வாசிக்கும் ஆசை எழும். சரிவான நிலத்தில் ஒரே ஆழத்தில் வெவ்வேறு நூற்றாண்டுகள் இருக்கும் என்பதால் அந்த ஆசைக்கு இடம் தரக் கூடாது. ஒரு கோடு இன்னொன்றை வெட்டிச் சென்றால், எது முந்தியது என்று ஓரளவு சொல்லலாம். அதற்கு மேல் மட்கலத் துண்டுதான் சொல்ல வேண்டும். இத்தாலியின் லீரி பள்ளத்தாக்கில் உள்ள இன்டெராம்னா லிரேனாஸ் என்ற நகரத்தில், 2010 முதல் கருவி அளவீட்டையும், நிலத்தின் மேல் கிடந்த ஓடுகளின் கணக்கையும், தேர்ந்த இடங்களில் அகழ்வையும் சேர்த்தே செய்தார்கள். அங்கே கருவி நாடக அரங்கைக் காட்டியது. அகழ்வு அது கூரையிட்ட அரங்கு என்று உறுதி செய்தது. 2017இல் அதன் அருகே கிடைத்த கல்லாலான சூரியக் கடிகாரம், அந்தக் கடிகாரத்தைச் செய்வித்தவரின் பெயரைத் தந்தது. பெயரைக் கருவியால் ஒருபோதும் படிக்க முடியாது.

ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். நாம் வெளியிடும் படத்தில் ஒரு கட்டடத்தின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் எண்களை எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கக் கூடாது. இரவில் உலோகங்காட்டியோடு வந்து தோண்டித் திருடுகிறவர்கள் இங்கிலாந்தில் உண்டு. நாம் மண்ணைக் கிளறாமல் காத்த இடத்துக்கு நாமே வழிகாட்டிப் பலகை நட்டதாகிவிடும். பூங்காவில் வந்து கேட்பவர்களுக்குத் திரையைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். தங்கள் நாய் ஓடும் புல்லுக்கு அடியில் ஒரு வீட்டின் முற்றம் இருப்பதைப் பார்த்தவர்கள் மறுமுறை எங்கள் முளைகளைத் தாங்களே காவல் காத்தார்கள்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது அரிக்கமேட்டுக்குச் சென்றேன். அப்பாவும் வந்தார். பழைய மறைப்பணி இல்லத்தின் இடிந்த சுவர்களைக் கடந்து, மரங்களின் நிழலில் ஆற்றோரம் நின்றபோது, எந்தக் கருவியை இங்கே கொண்டுவருவேன் என்ற கணக்கே மனத்தில் ஓடியது. சுட்ட செங்கல் என்பதால் காந்தமானிக்கு வேலை உண்டு. ஆற்றுக் களியும் உப்பு ஈரமும் ரேடாரை விழுங்கக்கூடும். அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் புவிக்காந்தப் புலம் செங்குத்தாகச் சரிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. நிலநடுக்கோட்டை நெருங்கிய நம் ஊரில் அது ஏறக்குறைய கிடையாக ஓடுகிறது. ஆகவே, வடக்கு தெற்காகச் செல்லும் சுவர் கருவிக்கு மிக மங்கலாகவே தெரியும். கிழக்கு மேற்காகச் செல்வது, கருமையும் வெண்மையுமாக இரட்டைக் கோடாக விழும். வெருலமியத்தில் பழகிய கண்ணால் அந்தப் படத்தை வாசித்தால், பாதி வீட்டைத் தவறவிட்டுவிடுவேன். அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தரையில் கிடந்த தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, மணலில் ஒரு சதுரத்தை வரைந்து, அதை ஆற்றின் கரைக்குச் சாய்வாகத் திருப்பி, “அப்படின்னா நூலை இப்படிப் பிடிக்கணும்” என்றார். பிறகு மூலைவிட்டத்தை அடியெடுத்து அளக்கத் தொடங்கினார்.